பத்து நாள் பார்வை

என் அண்ணன் மகள் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது, டைனிங் டேபிள் முழுக்க ஒரு பஸ் ஸ்டாண்டைப் பரப்பி வைத்திருந்தாள். தெர்மோகோல் கட்டடம், ஸ்பாஞ்ச் மரங்கள், வெள்ளைக் காகிதத்தில் வெட்டிய மனிதர்கள். அர்பன் டிசைன் ஸ்டுடியோவாம். ஒரு ஊரின் பஸ் ஸ்டாண்டையும் சுற்றியுள்ள நாலு தெருவையும் திருத்தி வடிவமைக்க வேண்டும்.

"பூக்காரம்மா எங்கே உட்காருவாங்க?" என்றேன்.

"அதெல்லாம் சைட்ல இல்ல, சித்தப்பா."

"நீ எத்தனை தடவை போய்ப் பார்த்தே?"

"ஒரு தடவை. போட்டோ எடுத்துட்டு வந்துட்டோம். பத்து நாள்ல ஜூரி."

நான் பி.காம். எனக்குத் தெரிந்த டிசைன், பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் டேலி ஆவதுதான். ஆனாலும் ஒரு கணக்கு உறுத்தியது. ஒரு மணி நேரம் பார்த்த இடத்தை, ஒரு செமஸ்டர் முழுக்கத் திருத்துகிறார்களே! இந்த உறுத்தலோடுதான் பல வருடமாக அலமாரியில் தூங்கிய ஒரு புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன். 'லேர்னிங் ஃப்ரம் லாஸ் வேகாஸ்'. 1972-ல் வந்தது. எழுதியவர்கள் மூன்று பேர்: ராபர்ட் வென்ச்சுரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் ஐசனவர். உலகமெங்கும் ஆர்க்கிடெக்சர் கல்லூரிகளில் அடிபடும் பெயர். பலருக்கும் தெரியாத விஷயம், இது ஒரு வகுப்பறையின் கதை என்பது.

1968-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இந்த மூவரும் ஒரு ஸ்டுடியோ நடத்தினார்கள். ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் ஒன்பது, திட்டமிடல் படித்தவர்கள் இரண்டு, கிராஃபிக்ஸ் இரண்டு... ஆக மொத்தம் 13 பேர். மூன்று வாரம் நூலகம். நாலு நாள் லாஸ் ஏஞ்சல்ஸ். பத்து நாள் லாஸ் வேகாஸ். திரும்பி வந்து பத்து வாரம் அலசல். இதில் எங்கேயாவது 'கட்டடம் வரை' என்று இருக்கிறதா, பாருங்கள். இல்லை. பார்ப்பதுதான் பாடம்.

அதுவும் எந்த ஊரை? ரோம், பாரிஸ் என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். இது சூதாட்ட ஊர். பாலைவனத்துக்கு நடுவே நீளமாக ஒரு ரோடு, இரண்டு பக்கமும் நியான் விளக்கு, கேசினோ, பெட்ரோல் பங்க், மோட்டல். படித்த ஆர்க்கிடெக்ட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இடம். 'முதலில் பிடிக்குதா, பிடிக்கலையா என்று சொல்லாதே. என்ன இருக்கிறது என்று பார். தீர்ப்பை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்' - இதுதான் அந்த ஸ்டுடியோவின் ஒரே விதி.

பார்த்தார்கள். காரின் பானெட்டில் கேமராவைப் பொருத்தி ரோடு முழுக்கப் படமெடுத்தார்கள். ரோட்டிலிருந்து கண்ணில் படும் ஒவ்வொரு எழுத்தையும் வைத்து ஒரு வரைபடம் போட்டார்கள். சர்ச்சுகள் எங்கே, கல்யாணம் செய்துவைக்கும் சேப்பல்கள் எங்கே, வாடகைக் கார் எங்கே, மளிகைக் கடை எங்கே என்று தனித்தனி வரைபடம். 1748-ல் நோல்லி என்பவர் ரோம் நகருக்குப் போட்ட புகழ்பெற்ற வரைபடத்தின் முறையை எடுத்து, கேசினோக்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். ரோமுக்குக் கொடுக்கும் மரியாதையை லாஸ் வேகாஸுக்கும் கொடுத்ததுதான் இதில் குசும்பு.

கிடைத்தது என்ன? அந்த ஊரில் கட்டடம் முக்கியமில்லை, போர்டுதான் முக்கியம் என்ற கண்டுபிடிப்பு. காரில் விரைகிறவனுக்குக் கட்டடத்தின் அழகைப் பார்க்க நேரமில்லை. அதனால் போர்டு ராட்சசனாக ரோட்டோரம் நிற்கிறது. பின்னால் கார் பார்க்கிங். அதற்கும் பின்னால், பெட்டி மாதிரி சாதாரணமாக ஒரு கட்டடம். சும்மா கண்ணைக் கூசுகிறது என்று எல்லோரும் திட்டிய விஷயத்துக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

இதிலிருந்துதான் 'வாத்து'க் கதை வந்தது. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில், வாத்தும் முட்டையும் விற்பதற்காக 1931-ல் வாத்து வடிவத்திலேயே ஒரு கடை கட்டினார்கள். கட்டடமே போர்டு. இன்னொரு வகை, சாதாரண ஷெட் போட்டு முன்னால் போர்டு வைப்பது. 'நாங்கள் அலங்காரமே செய்வதில்லை என்று பீற்றிக்கொள்ளும் நவீன ஆர்க்கிடெக்ட்களே, நீங்கள் கட்டுவதெல்லாம் வாத்துதான்' என்று புத்தகம் சீண்டுகிறது. எத்தனை பேருக்கு எரிந்திருக்கும்!

இதெல்லாம் வரவுப் பக்கம். பற்றுப் பக்கத்தையும் எழுதாவிட்டால் நான் படித்த படிப்புக்கு அர்த்தமில்லை.

புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். போர்டு இருக்கிறது. கார் இருக்கிறது. விளக்கு இருக்கிறது. மனிதர்களைத் தேட வேண்டியிருக்கிறது. அந்த ஹோட்டல்களில் படுக்கை விரித்தவர்கள், தட்டு கழுவியவர்கள், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள்... எங்கே போனார்கள், எப்படிப் போனார்கள்? அந்த கேசினோக்களின் மேடையில் பாடிய கறுப்பினக் கலைஞர்களுக்கு அதே ஹோட்டலில் ரூம் கிடையாது என்ற நிலை 1960 மார்ச் வரை நீடித்தது. ஊரின் மேற்குப் பகுதியில் அவர்களுக்கென்று தனிக் குடியிருப்பு. யேல் மாணவர்கள் போய் இறங்கியது அதற்கு எட்டே வருடம் கழித்து. இத்தனை வரைபடம் போட்டவர்கள், இந்தப் பிரிவினைக்கும் ஒன்று போட்டிருக்கலாமே? நான் படித்த வரையில் இல்லை. பத்து நாள், அதுவும் காரிலிருந்து பார்த்தால், கார் ஓட்டுகிறவனுக்குத் தெரிவதுதான் தெரியும்.

இப்படிக் கோபமாக எழுதி முடிக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால், அதே காலகட்டத்தின் இன்னொரு கதை கையைப் பிடித்து நிறுத்தியது.

ஃபிலடெல்ஃபியாவில் சவுத் ஸ்ட்ரீட் என்று ஒரு கடைத்தெரு. அதை இடித்துவிட்டு ஒரு எக்ஸ்பிரஸ்வே போடத் திட்டம். இடிபடப் போவது பெரும்பாலும் ஏழைகளின், கறுப்பின மக்களின் வீடுகளும் கடைகளும். எதிர்த்து நின்ற மக்கள், தங்கள் பக்கம் திட்டம் போட்டுத் தர டெனிஸ் ஸ்காட் பிரவுனிடம் போனார்கள். ஏன் அவரிடம்? லாஸ் வேகாஸையே பிடிக்கும் என்கிறவர், எங்கள் தெருவைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று எங்களைத் துடைத்து எறியமாட்டார் என்று நம்பினார்களாம். அவரே சொன்ன தகவல் இது. கடைசியில் அந்த எக்ஸ்பிரஸ்வே வரவேயில்லை.

யோசித்துப் பாருங்கள். முகம் சுளிக்காமல் பார்க்கக் கற்றதுதான் அவருக்கு அந்த மக்களின் நம்பிக்கையைச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. புத்தகத்தில் விட்டுப்போன மனிதர்களிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதே முறைதான். 1970-ல் யேலில் அடுத்த ஸ்டுடியோ நடத்தியபோது லெவிட்டவுன் என்ற நடுத்தர வர்க்கக் குடியிருப்பை எடுத்தார்கள். சாதாரண ஜனங்கள் வீட்டை எப்படி அலங்கரித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அங்கே பாடம். ஆக, பற்றுப் பக்கத்தில் இருந்ததில் கொஞ்சத்தை அவர்களே அடைத்திருக்கிறார்கள்.

இன்னொரு பாக்கி மட்டும் அப்படியே நிற்கிறது. வென்ச்சுரிக்கு முன்பே லாஸ் வேகாஸைப் பார்த்துவிட்டு, 1966-ல் அவரை அங்கே வரவழைத்தவர் டெனிஸ். ஆனால், 1991-ல் பிரிட்ஸ்கர் பரிசு வென்ச்சுரிக்கு மட்டும். 2013-ல் ஹார்வர்ட் மாணவிகள் இருவர் மனு போட்டுக் கேட்டும், பழைய தீர்ப்பைத் திருத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பார்க்கச் சொல்லிக் கொடுத்தவரையே பார்க்காமல் விட்டிருக்கிறார்கள்!

அண்ணன் மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அடுத்த வாரம் காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை போய் உட்கார்ந்து பார்க்கிறேன். பூக்காரம்மாகிட்டயும் பேசறேன்" என்றாள். எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தவள் கேட்டாள்: "சித்தப்பா, பார்த்ததுக்கு ஜூரியில மார்க் போடுவாங்களா?"

பதில் தெரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டேன். உங்களில் யாராவது வாத்தியார் இருந்தால், அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.