மரக்கானாவில் மடங்கிய படிகள்

தொடக்க விழா என்றாலே பிரம்மாண்டம்தான் முதலில் கண்ணை நிறைக்கும். வாணவேடிக்கை, ஆயிரக்கணக்கில் ஆட்டக்காரர்கள், அரங்கம் அதிரும் தாளம். 2016 செப்டம்பர் 7 அன்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் நடந்த பாராலிம்பிக் தொடக்க விழாவிலும் இவற்றுக்குக் குறைவில்லை. அதன் பதிவை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் என்னைப் பிடித்து நிறுத்துவது வாணவேடிக்கை அல்ல. யாரை எங்கே நிறுத்தினார்கள், எதை முதலில் காட்டினார்கள், எதைக் கொஞ்சம் காக்கவைத்தார்கள் என்கிற சின்னச் சின்ன முடிவுகள்தான்.

தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். எண்கள் ஒவ்வொன்றாக இறங்கி வருகின்றன. உச்சியில் சக்கர நாற்காலியில் ஆரன் ஃபாதரிங்ஹாம். முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்த அமெரிக்கர். சக்கர நாற்காலியில் பின்புறமாகக் குட்டிக்கரணம் போட்டு உலகை வியக்கவைத்தவர். 17 மீட்டர் உயரச் சரிவில் சீறி இறங்கி, காற்றில் எழும்பி, பிரம்மாண்டமான பூச்சியத்தின் நடுவே புகுந்து மறுபக்கம் போகிறார். எண்ணிக்கை முடியும் இடமும் அவர் பாயும் இடமும் ஒன்றே. வட்டமான எண்ணுக்குள் வட்டமான சக்கரங்கள். இப்படிப்பட்ட விழாக்களில் சக்கர நாற்காலி பெரும்பாலும் இரக்கத்தைச் சுமந்துகொண்டுதான் உள்ளே வரும். இங்கே அது வேகத்தைச் சுமந்துகொண்டு வந்தது. முதல் சில நிமிடங்களிலேயே பார்வையாளரின் மனத்தை இப்படித் திருப்பிவைத்துவிட்டதால், பிறகு வந்த எதையும் யாரும் 'ஐயோ பாவம்' என்று பார்க்க முடியவில்லை.

பிரேசிலின் தேசிய கீதத்தைப் பியானோவில் வாசித்தவர் ஜோவாவ் கார்லோஸ் மார்ட்டின்ஸ். பாக் இசையை வாசித்துப் பெரும்புகழ் பெற்றவர். காயங்களும் நரம்புக் கோளாறும் விரல்களை முடக்கியபின் இசைக்குழு நடத்துநராக மாறியவர். செப்டம்பர் 7 பிரேசிலின் விடுதலை நாளும்கூட. அந்த நாளில், இராணுவ வாத்தியங்களின் மிடுக்கு எதுவுமில்லாமல், சொன்னபடி கேட்க மறுத்த விரல்களிடம் நாட்டின் கீதத்தை ஒப்படைத்தார்களே, அந்தத் தேர்வை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

அணிவகுப்பு நீளமானது, எல்லா விழாக்களிலும் அப்படித்தான். ஆனால் காத்திருப்புக்கே ஒரு வேலை கொடுத்திருந்தார் ஓவியர் விக் முனிஸ். ஒவ்வொரு நாட்டு அணியோடும் புதிர்ப்படத்தின் ஒரு துண்டு உள்ளே வந்தது. அதில் அந்த நாட்டு வீரர்களின் முகங்கள். முதலில் வந்தது அகதி வீரர்களின் அணி. அதன் கொடியைப் பிடித்து வந்தவர் சிரியாவிலிருந்து வெளியேறிய நீச்சல் வீரர் இப்ராஹிம் அல் ஹுசைன். இந்தியக் கொடி ஈட்டி எறியும் தேவேந்திர ஜஜாரியாவின் கையில். துண்டுகள் நடுவே அடுக்கப்பட்டு, கடைசியில் முழுமையான இதயமாகி, ஒளியால் துடித்தது. இதயம் என்பது விழாக்களில் தேய்ந்துபோன உருவம்தான். இருந்தும் இங்கே அது மனத்தைத் தொட்டதற்குக் காரணம், அந்த இதயம் முகங்களால் ஆனது என்பதே. கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துபோகாமல், ஒவ்வொருவரும் தன் முகத்தோடு அதில் இருந்தார்.

ஒவ்வொருவரையும் மனத்தில் வைத்துச் செய்யும் இந்த நுட்பம் ரியோவில் பதக்கம் வரை போயிருந்தது. பதக்கங்களுக்குள் சின்ன எஃகுக் குண்டுகளை வைத்திருந்தார்கள்: வெண்கலத்தில் 16, வெள்ளியில் 20, தங்கத்தில் 28. பார்வையற்ற வீரர் குலுக்கிப் பார்த்தே தன் பதக்கம் எது என்று அறியலாம். விழா முடிந்து இரண்டு நாள் கழித்து, சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் உயரம் தாண்டி வென்ற தங்கத்துக்குள்ளும் அந்த 28 குண்டுகள் இருக்கின்றன.

இனி, சுடர். அரங்கத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. மார்சியா மல்சார் ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் தீப்பந்தமுமாக நடந்து வந்தார். மூளை முடக்குவாதம் உள்ளவர். 1984 பாராலிம்பிக் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர். விழா நேரம் நொடிக்கணக்கில் வகுக்கப்படுவது. வேகமாகப் போகக்கூடிய ஒருவரிடம் பந்தத்தைக் கொடுத்திருந்தால் கணக்கு எளிதாகியிருக்கும். அவரிடம் கொடுத்து, அவருடைய நடை எவ்வளவு நேரம் கேட்கிறதோ அவ்வளவு நேரத்தையும் கொடுத்தார்கள். ஈரத் தரையில் கால் வழுக்கி விழுந்தார். பந்தமும் விழுந்தது. உதவியாளர்கள் வந்து கைகொடுத்தார்கள். எழுந்தார், பந்தத்தை வாங்கிக்கொண்டு மறுபடி நடந்தார், அதே நிதானத்தில். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. யாரும் திட்டமிடாத அந்த நிமிடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, எழுந்தபின் அவர் அவசரப்படாததுதான். போன நேரத்தை ஈடுகட்ட அவர் முயலவில்லை. மிச்சமிருந்த தூரத்தைத் தன் நடையிலேயே கடந்து, பார்வையற்ற ஓட்ட வீராங்கனை ஆட்ரியா சான்டோஸிடம் சுடரைச் சேர்த்தார்.

ஆட்ரியாவிடமிருந்து அது க்ளோடோவால்டோ சில்வாவிடம் போனது. நீச்சல் வீரர், 2004 ஏதென்ஸில் ஆறு தங்கம் வென்றவர், சக்கர நாற்காலியில் வருகிறார். அவருக்கு எதிரே சுடரேற்ற வேண்டிய கொப்பரைக்குப் போகும் வழி: உயர உயரமாகப் படிகள்! நாற்காலி நிற்கிறது. அவர் நிமிர்ந்து படிகளைப் பார்க்கிறார். அந்த இடைவெளியை இயக்குநர்கள் குறுக்கவில்லை. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அரங்கம் முழுவதையும், ஒரு மனிதரோடு சேர்த்துப் படிக்கட்டின் அடியில் நிற்கவைத்தார்கள். பிறகு படிகள் அசைந்தன, மடங்கின, திரும்பின, சாய்தளமாக மாறின. சில்வா அதில் தன் சக்கரங்களை உருட்டிக்கொண்டு மேலே போய்க் கொப்பரையில் சுடரை ஏற்றினார்.

முதலிலேயே சாய்தளம் இருந்திருந்தால் ஒருவர் கண்ணிலும் அது பட்டிருக்காது. படிகளைக் காட்டி, அவரைக் காக்கவைத்து, அதன்பின் மாற்றியதில்தான் காட்சியின் அழகு முழுவதும் இருக்கிறது. அவரைத் தூக்கிக்கொண்டு போக யாரும் ஓடிவரவில்லை. அவரும் தன்னை வருத்திக்கொண்டு படியேறி வீரம் காட்டவில்லை. மாற வேண்டியது படிக்கட்டு, அது மாறியது. மாற்றுத்திறனாளிகள் தெருவிலும் அலுவலகத்திலும் ரயில் நிலையத்திலும் ஆண்டாண்டாகக் கேட்டுவருவதை, ஒரு வார்த்தை பேசாமல், ஒரு நிமிடத்துக்குள் எவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட்டார்கள்! இந்த விழாவை உருவாக்கிய மூவரில் ஒருவர் எழுத்தாளர் மார்செலோ ரூபென்ஸ் பைவா. இளமையில் நீரில் பாய்ந்தபோது கழுத்தெலும்பு முறிந்து, அன்றிலிருந்து சக்கர நாற்காலியில் வாழ்பவர். படிக்கட்டின் அடியில் நிற்கும் அந்த நேரம் எவ்வளவு நீளமானது என்று அவருக்குத் தெரியும்.

அறிவிப்பாளர்கள் அழுத்திச் சொல்லாத இன்னொரு இழையும் இதில் ஓடுகிறது. விழாவின் முற்பகுதியில் அரங்கத் தரை நீச்சல்குளமாக ஒளிர்ந்தபோது, அதில் நீந்திப் போன உருவம் டேனியல் டியாஸுடையது. பிறவியிலேயே கைகால் குறைபாடு உள்ள டியாஸ், நீச்சலுக்கு வந்ததே 2004இல் ஏதென்ஸில் சில்வா நீந்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான். முன்னால் நீந்தியவர் பின்னால் வந்து சுடரேற்ற, அவரைப் பார்த்து நீந்தக் கற்றவர் அதே தரையில் முதலில் நீந்திவிட்டிருந்தார்.