கரி வேகனின் உட்புறம்

மாதிரி ரயில் கண்காட்சியில் கூட்டம் நீராவி எஞ்சினைச் சுற்றித்தான் மொய்க்கும். எனக்கோ பின்னால் வரும் திறந்த கரி வேகன்கள்தான் விருந்து.

பிரிட்டனில் அந்தக் காலத்தில் சுரங்க முதலாளிகளும் கரி வியாபாரிகளும் சொந்தமாக வேகன் வைத்திருந்தார்கள். பக்கப் பலகை நெடுகப் பெரிய எழுத்தில் பெயர். மூலையில், காலி வண்டியை எங்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்ற குறிப்பு. ரயில்வே கிளியரிங் ஹவுஸ் 1923-இல் வகுத்த அளவில் 12 டன் ஏற்றும் ஏழு பலகை வேகனின் நீளம் 16 அடி 6 அங்குலம். அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற ‘டபுள் ஓ’ கணக்கில் அது வெறும் 66 மில்லிமீட்டர்.

பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அதன் மேல்முனை எந்தக் கோடியைத் தொடுகிறதோ அங்கே கதவு. துறைமுகத்தில் வேகனையே சாய்த்துக் கரியைக் கப்பலில் கொட்டுவார்கள். திறக்கும் கோடி பார்த்ததுமே தெரிய வேண்டும். மாதிரியில் கோடு ஒரு கோடியிலும் கீல் மறுகோடியிலும் இருந்தால், எழுத்து எத்தனை நேர்த்தியானாலும் எனக்கு மனம் ஒட்டாது.

1939-இல் போர் வந்ததும் அரசு இந்த வேகன்களைப் பொதுவில் சேர்த்துக்கொண்டது. அதன்பின் பெயருக்கு மறுபூச்சு பூச யாருக்கும் அக்கறையில்லை. உடைந்த பலகைக்குப் பதில் வர்ணமில்லாத புதுப்பலகை. அங்கே மட்டும் எழுத்து அறுந்து நிற்கும். ரயில்வே 1948-இல் தேசியமயமான பிறகு, எண்ணுக்கு முன்னால் ‘பி’ என்ற எழுத்து ஏறியது. அந்த ஆண்டுகளின் வேகனைச் செய்கிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். பெயரை முழுதாக எழுதிவிட்டு, ஒரே ஒரு பலகையில் மட்டும் அதைச் சுரண்டி எடுக்கக் கை துணிய வேண்டுமே!

ஆனால் கைத்திறன் முழுதாகத் தெரிவது உட்புறத்தில்தான். நிஜ வேகனைத் தரையில் நின்று பார்த்தவருக்குப் பக்கம்தான் தெரிந்தது. மேசைமேல் ஓடும் மாதிரியை நாம் மேலிருந்து பார்க்கிறோம். கரி உரசி உரசி நரைத்த மரம் அது. நல்ல கை ஒவ்வொரு பலகைக்கும் சாம்பலும் பழுப்பும் சற்றே மாற்றிக் குழைக்கும். இரும்புப் பட்டையில் துரு, மூலையில் கரித்தூள். மேலே நிஜக் கரியையே நொறுக்கிப் போடுவதுதான் அழகு, சலித்துப் போட்டால். மிளகளவு கட்டி இந்த அளவில் ஓரடிக்கு மேல் போய்விடும்.

வரிசையில் பாதியாவது காலியாக ஓடட்டும் என்பேன். சுரங்கத்திலிருந்து நிரம்பிப் போன வண்டி காலியாகத்தானே திரும்ப வேண்டும்? பல அமைப்புகளில் இரு திசையிலும் நிரம்பிய வேகன்களே ஓடுகின்றன. அந்த நரைத்த பலகைகளைப் பார்க்கவே முடிவதில்லை.