இறக்கி வைக்க ஒரு கல்

தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்குப் போனால் நடுகற்கள் வரிசையாக நிற்கும். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன், கையில் வில், காலடியில் மாடு. தகடூர் நாடு இப்படிக் கல்லாகி நின்ற ஆண்களின் நாடு. அதைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். கவிதையும் எழுதிவிட்டோம், கொஞ்சம் அதிகமாகவே. இன்னொரு கல் இருக்கிறது. அதை யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சுமைதாங்கிக் கல்.

இரண்டு கல் நட்டு, மேலே குறுக்கே ஒரு பலகைக் கல். அவ்வளவுதான். தலைச்சுமையோடு வருகிறவர் குனிய வேண்டாம், "கொஞ்சம் இறக்கி விடுங்கண்ணா" என்று யாரையும் கூப்பிட வேண்டாம். மூட்டையை அப்படியே நகர்த்தி வைக்கலாம். மூச்சு வாங்கிவிட்டு, அதே மாதிரி மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நட்டு வைப்பது வழக்கம். இறக்கி வைக்காமலே போய்விட்டவள் பேரில், வழிப்போக்கர் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம்.

உணர்ச்சியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு கட்டட வேலையாக மட்டும் இதைப் பாருங்கள். அதன் உயரம் எங்கிருந்து வந்தது? சுமக்கிறவரின் தோளிலிருந்து. செய்தவர் வரைபடம் போட்டிருக்க மாட்டார். ஆனால் யார் வருவார், எந்த நிலையில் வருவார், அவருக்கு எது முடியாது என்று யோசித்திருக்கிறார். நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்வது இந்த யோசனையைத்தான்.

இதோடு நம் நிழற்குடைகளை வைத்துப் பார்க்கலாம். எந்த ஊர் என்று சொல்ல வேண்டியதில்லை, எல்லா ஊரிலும் இதுதான். தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டு, தொகை, பெயர்கள் எல்லாம் தூரத்திலிருந்தே தெரியும். ஊர்ப் பெயர்தான் தெரியாது. கூரை உயரமாக இருக்கும், அகலம் போதாது. அதனால் நான்கு மணி வெயிலில் நிழல் பின்னாலிருக்கும் சாக்கடை மேல் விழும். இருக்கை ஸ்டீல் குழாய். மதியத்தில் உட்கார்ந்தால் சுடும், மற்ற நேரத்தில் வழுக்கும். ஜனங்கள் பக்கத்து டீக்கடைத் தாழ்வாரத்திலோ புளியமரத்தடியிலோ நிற்கிறார்கள். கட்டடம் காலியாக இருக்கிறது. இதைவிடக் கறாரான விமர்சனம் எழுத எனக்குத் தெரியாது.

2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதன்பிறகு நிறுத்தங்களில் யார் நிற்கிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். தக்காளிக் கூடையும் சும்மாடுமாக ஒரு அம்மா, கட்டைப்பை நிறையச் சாமானோடு ஒரு அக்கா, இடுப்பில் பிள்ளை. டிக்கெட்டைக் கழித்தது பெரிய விஷயம், சந்தேகமேயில்லை. ஆனால் பஸ் வரும்வரை அந்தக் கூடையை எங்கே வைப்பது? தரையில் வைத்தால் மறுபடி தூக்கிவிட ஆள் தேட வேண்டும். நம் தாத்தாக்கள் தீர்த்துவைத்த பிரச்சினை இது.

நியூயார்க்கில் வில்லியம் எச். வைட் என்பவர் 1970களில் பொதுச் சதுக்கங்களில் கேமராவை வைத்துக்கொண்டு, மக்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று வருஷக்கணக்கில் பார்த்தார். உட்கார இடமிருக்கும் இடத்தில்தான் உட்காருகிறார்கள் என்பது அவரது கண்டுபிடிப்பு. படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அதைப் படம்பிடித்துக் காட்டிய பிறகுதான் அந்த நகரம் 1975இல் சதுக்கங்களுக்கான கட்டட விதியையே மாற்றியது.

அழகும் உபயோகமும் சேர்ந்து வராதா என்று கேட்டால், திருவனந்தபுரம் தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸைச் சொல்வேன். பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் பக்கத்திலேயே. சிவப்புச் செங்கல்லில் சங்கு மாதிரி சுற்றிச் சுற்றி ஏறும் கட்டடம். சுவரிலேயே மேசையும் பெஞ்சும் சேர்த்துக் கட்டியிருக்கிறார். சின்னச் சின்னத் துளைகள் வழியாகக் காற்று வருகிறது. மூட்டை முடிச்சோடு ஒருவர் நுழைந்து ஒரு காபிக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். குறை உண்டு. தரை முழுக்கச் சரிவு. முட்டிவலிக்காரருக்கு அது தண்டனை, தட்டேந்தி நாள் முழுக்க ஏறி இறங்கும் பணியாளர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். பேக்கர் உட்காருகிறவரை நினைத்த அளவு, பரிமாறுகிறவரை நினைக்கவில்லை. சுமைதாங்கி செய்தவர் அங்கே ஒரு படி மேல்.

நம் மாவட்டத்திலேயே பார்க்கச் சொன்னால் சிட்டிலிங்கிதான். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தாக்கு. 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கே ஆஸ்பத்திரி தொடங்கியது ஊர்க்காரர்கள் கட்டிக்கொடுத்த ஒரு மண் குடிசையில். ஆயிரம் குழந்தைகளுக்கு 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்த காலம் அது. பிறகு அந்த எண் பெருமளவு குறைந்ததற்குக் கட்டடத்தைக் காரணம் சொன்னால் அபத்தம். காரணம் அந்த மருத்துவர்களும், அவர்களிடம் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களும்தான். ஆனாலும் ஒன்று சொல்லலாம். தன் வீட்டைப் போலவே இருக்கும் ஓர் இடத்துக்குள் நுழைய மலைவாழ் பெண்ணுக்குக் கூச்சம் வராது. அரசு அலுவலகப் படிக்கட்டின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற ஒருவரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதே ஊரில் 2004இல் ஆரம்பித்த துளிர் கல்வி மையத்தில் பையன்கள் கட்டட வேலையையும் ஒரு பாடமாகக் கற்றார்கள். சொந்த ஊரில் கட்டக் கற்றவர்கள்! இந்த மாவட்டத்தில் கட்டத் தெரிந்தவர்களில் எத்தனையோ பேர் பெங்களூருக்குத்தான் போகிறார்கள். அங்கே செயிண்ட் மார்க்ஸ் ரோடு மாதிரியான சில சாலைகளில், குழாயையும் கேபிளையும் அடியில் புதைத்து, மேலே அகலமான நடைபாதை போட்டிருக்கிறார்கள். கை வீசி நடக்கலாம். சனிக்கிழமை ராத்திரி ஊர் திரும்பும் மேஸ்திரிக்கு நல்ல நடைபாதை என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். அவரைத்தான் யாரும் கேட்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு நண்பர் குறுக்கே வந்தார். "சுமைதாங்கியை ரொம்பத் தூக்காதீங்க. சுமந்தது யாரு, சுமக்க வச்சது யாரு?" நியாயமான கேள்வி. பழையது என்பதாலேயே எதுவும் நல்லதாகிவிடாது. ஊரை ஒரு பக்கமும் காலனியை ஒரு பக்கமும் வைத்ததும் நகரமைப்புதான், அதுவும் கவனமாகச் செய்த நகரமைப்பு. 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி உட்பட மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டது இதே மாவட்டத்தில்தான். எந்த வீடு யாருடையது என்று தேட வேண்டிய அவசியமே கொளுத்தியவர்களுக்கு இருக்கவில்லை. ஊரின் அமைப்பே காட்டிக்கொடுத்தது.

அதனால்தான் பஸ் நிறுத்தத்தைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பேசுகிறேன். கோயில் வேறு, சுடுகாடு வேறு, தண்ணீர்த் தொட்டி வேறு என்று இருக்கும் ஊர்களிலும் பஸ் ஒன்றுதான். காத்திருக்கிற இருபது நிமிஷம் எல்லோருக்கும் ஒன்றுதான். அங்கே நீளமாக, சுடாத, முதுகு சாயக்கூடிய ஒரு திண்ணை இருந்தால், யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற கேள்வி தினமும் எழும். பெஞ்ச் இல்லாவிட்டால் ஆளுக்கொரு மரத்தடியில் தனித்தனியாக நின்றுவிட்டுப் போய்விடலாம். திண்ணையின் ஒரு ஓரத்தை மட்டும் தோள் உயரத்துக்கு எழுப்பி, மேலே ஒரு பலகைக் கல் போட வேண்டும். கூடைக்கு.