கூட்டறிவும் அதன் உடைமையும்

ஜூலியன் ஓர் 1996இல் வெளியிட்ட ‘இயந்திரங்களைப் பற்றிப் பேசுதல்’ என்னும் நூல் முகாமைத்துவத் துறையினரால் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. அவர்கள் அதனை வாசித்த முறை பற்றியே ஈண்டு ஐயம் எழுப்ப வேண்டியுள்ளது.

அமெரிக்காவின் செரொக்ஸ் கம்பனியில் போட்டோப் பிரதி இயந்திரங்களைத் திருத்துவோரிடையே இம்மானிடவியலாளர் கள ஆய்வு நடத்தினார். பிழைக்குறி தோன்றினால் இன்னதைச் சோதி, பின்னர் இன்னதை மாற்று எனப் படிப்படியாகக் கட்டளையிடும் கைந்நூல்களைக் கம்பனி வழங்கியிருந்தது. ஆயின், அலுவலகந்தோறும் இயந்திரத்தின் வயது வேறு; அதனைக் கையாளுவோரின் பழக்கம் வேறு. பிழைக்குறியே திசைதிருப்பிய ஒரு சந்தர்ப்பத்தில், திருத்துநரும் அவருக்கு உதவ வந்த நிபுணரும் தாம் முன்பு கண்ட பழுதுகளைக் கதைகதையாகப் பரிமாறியே உண்மைக் காரணத்தை அடைகின்றனர். நூலின் உயிர்நாடியான பகுதி இது. உணவு மேசைப் பேச்சையும் வேலையின் கூறாகவே கண்டமை ஆசிரியரின் சாதனை எனலாம்.

தொழிலாளரிடம் மரபாய் வந்த அறிவு முழுவதையும் முகாமையாளர் திரட்டி விதிகளாக்க வேண்டுமென 1911இல் டெயிலர் எழுதினார். சிந்தனையையும் செயலையும் பிரிக்கும் இம்முயற்சியின் வர்க்க உள்ளடக்கத்தை 1974இல் பிறேவர்மன் தெளிவுபடுத்தினார். அப்பிரிவினை முற்றுப்பெறுவதில்லை என்பதற்கு ஜூலியன் ஓர் தரும் களச்சான்று வலுவானது.

முகாமைத்துவ எழுத்தாளர் கற்ற பாடமோ வேறு. 1990களில் பிரான்சில் நடைமுறைக்கு வந்து பின்னர் விரிந்த ‘யுரேக்கா’ என்னும் செரொக்ஸ் குறிப்புத் தொகுதியை அவர்கள் வெற்றிக்கதையாகக் கூறுவர். திருத்துநர் தாம் கண்ட தீர்வை எழுதுவர். சக திருத்துநர் சரிபார்ப்பர். எழுதியவரின் பெயருடன் அது ஏனையோருக்குக் கிட்டும். பணப்பரிசினும் பெயரையே அவர்கள் விரும்பினர். இதனைப் பெருந்தன்மையெனப் புகழ்வோர், தொகுதி யாருடையது என்று கேட்பதில்லை.

அறிவைப் பதுக்குமாறு தொழிலாளருக்கு யாரும் ஆலோசனை கூறமுடியாது. பதுக்கிய அறிவு அடுத்த பழுதின் முன் தனித்து நிற்கும் சக தொழிலாளியையே முதலில் வருத்தும். சரிபார்க்கும் பொறுப்புத் திருத்துநரிடமே இருந்தமை யுரேக்காவின் முற்போக்கான அம்சம். இதனை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும், குறிப்புக்களால் மீதமான நேரம் யாருக்குச் சேர்ந்தது? ஜூலியன் ஓர் உடைமை வினாவைத் தமது நூலின் மையப்பொருளாக்கவில்லை. எனினும் அதனை எழுப்புவதற்கான சான்றுகளைத் தந்திருப்பவரும் அவரே. அவரை மேற்கோள் காட்டுவோர் அச்சான்றுகளைக் கடந்து சென்றுவிடுகின்றனர். திருத்துநர் வேலையை விட்டு நீங்கும்போது குறிப்பு கம்பனியிடமே தங்குகின்றது. கூலி உயர்வு பற்றிய பேச்சுவார்த்தையில் அதனைத் தமது உடைமையாக அவர் முன்வைக்க இயலாது.