மூக்கு சொல்வதும் விலைச்சீட்டு சொல்வதும்

சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்பது, வைனைத் தொட்டே பார்க்காதவர்களும் சொல்லும் விதி. அந்த விதி பிறந்த அறை எது என்று யாரும் கேட்பதில்லை. கணப்படுப்பைத் தவிர வேறு சூடு இல்லாத, கல்லால் கட்டிய ஐரோப்பியச் சாப்பாட்டு அறை அது. 17 பாகை செல்சியஸ் என்றாலே அங்கே கதகதப்பு. திருகோணமலையின் உட்துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் ஓர்ஸ் ஹில்லில், கச்சான் காற்று வீசும் ஜூன் மாதத்து இரவில் விறாந்தையே 30 பாகையில் கிடக்கும். அந்த வெக்கையில் ஊற்றிய வைனிலிருந்து முதலில் மூக்கில் ஏறுவது மதுசாரம். பழ வாசனை அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். புளிப்பு மங்கி, வைன் தடித்துப்போய் நாக்கில் படுத்துவிடும்.

அரைமணி நேரம் பிரிஜ்ஜில் வைத்து எடுத்தால் தீரும் சிக்கல் இது. ஆனால் சிவப்பு வைனைக் குளிரவைக்கச் சொன்னால், விஷயம் தெரியாத ஆள் என்று பார்ப்பவர்கள் உப்புவெளியிலும் உண்டு, கொழும்பிலும் உண்டு. வைன் சுவைத்தல் என்ற பழக்கத்தின் பலமும் பலவீனமும் இந்தச் சின்ன விஷயத்திலேயே தெரிந்துவிடுகின்றன. மூக்கையும் நாக்கையும் நம்பி உருவான ஒரு நல்ல பயிற்சி அது. ஆனால் அதைக் கற்க வருபவர்களில் பெரும்பாலானோர் தங்கள் மூக்கை ஒதுக்கிவிட்டு, எங்கோ இருக்கும் இன்னொருவரின் மூக்கை நம்பவே கற்றுக்கொள்கிறார்கள்.

இன்னொரு விதியும் இப்படித்தான் வந்து சேர்ந்தது: பழையதாக ஆக வைன் சிறக்கும் என்பது. லண்டனிலிருந்தோ டொரொண்டோவிலிருந்தோ வந்த உறவினர் கொடுத்த போத்தல், ஷோகேஸில் வெள்ளிக் கிண்ணங்களுக்கும் பிள்ளைகளின் கேடயங்களுக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் நிமிர்ந்து நிற்பது இங்கே சாதாரணக் காட்சி. பதினைந்து ஆண்டு, இருபது ஆண்டு கழித்தும் மெருகேறக்கூடிய சிவப்பு வைன்கள் உலகில் மிகக் குறைவு. அவைகூட 13 பாகையை ஒட்டிய குளிரில், இருட்டில், தக்கை உலராதபடி படுக்கவைக்கப்பட்டால்தான் தேறும். மற்றவை சில ஆண்டுகளில் குடித்து முடிக்கச் செய்யப்பட்டவை. திருகோணமலை வெயிலில் இரண்டு கோடையைப் பார்த்த போத்தலின் தக்கையை இழுத்தால் கதை விளங்கும்: சிவப்புக் கறை தக்கையின் அடியோடு நிற்காமல் பக்கவாட்டில் மேல்வரை ஏறியிருக்கும், சில வேளை மேல்தாள் கழுத்தோடு ஒட்டிப் பிசுபிசுக்கும். உள்ளே இருப்பது வெந்துபோன வைன்.

இப்படிக் கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும் இடத்தில்தான் சுவைஞரின் பயிற்சி உண்மையிலேயே வேலை செய்கிறது. கிளாஸைச் சுழற்றுவதும், மூக்கை உள்ளே நுழைப்பதும், வாயில் வைத்துக் காற்றோடு உறிஞ்சுவதும் பார்ப்பவருக்குக் கோமாளித்தனமாகத் தோன்றலாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. நாக்கு அறியும் சுவைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை; சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, வாயின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்தாலே இது தெரியும். தக்கையில் உருவாகும் டிசிஏ என்ற சேர்மம், ஒரு லீட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்குகள் இருந்தாலே, நனைந்த காட்போட் பெட்டியின் வாடையைக் கொண்டுவந்து பழ மணத்தை அமுக்கிவிடும். பழக்கமில்லாதவர் 'எனக்கு வைன் பிடிக்காது' என்று கிளாஸை நகர்த்தி வைப்பார். பழகியவர் 'இது பழுதான போத்தல், வேறு கொண்டு வாருங்கள்' என்பார். இந்த வேறுபாடு பாவனை அல்ல. காசு கொடுப்பவருக்கு நேரடியாகப் பயன்படும் அறிவு.

சிவப்பு வைனின் கயர்ப்பும் அப்படியே. திராட்சைத் தோலிலும் விதையிலும் மரப்பீப்பாயிலும் இருந்து வரும் தனின்கள் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைந்து, வாயின் வழுக்கலை எடுத்துவிடுகின்றன. சீனி போடாத வெறும் தேத்தண்ணியும், பழுக்காத வாழையும், நாவற்பழமும் வாயில் செய்வது இதே வேலை. இந்த ஊரில் வளர்ந்த எவருக்கும் கயர்ப்பின் தரங்கள் புதிதல்ல. நல்ல தேத்தண்ணியின் கயர்ப்பு வாயைத் துப்புரவாக்கிவிட்டு விலகும், கொதித்துப்போன தேத்தண்ணியின் கயர்ப்பு தொண்டையில் நின்று வழக்காடும். இதை அறிந்தவருக்கு நல்ல சிவப்பு வைனின் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

ஆனால் பாடப்புத்தகம் அவரிடம் பேசுவது வேறு பாஷை. பிளக்கரண்ட், வயலட் பூ, சீடர் மரம் என்று அது அடுக்கிக்கொண்டு போகும். பிளக்கரண்டைக் கண்ணாலும் காணாதவர் அதை எப்படி மணந்து அறிவது? 1984இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் நோபிள், வாசனைகளை வகைப்படுத்தி ஒரு சக்கரத்தை வெளியிட்டபோது நோக்கம் நேர்மையாகவே இருந்தது. 'நளினமான', 'கம்பீரமான' என்ற காற்றுச் சொற்களை விட்டு, எல்லோரும் மணந்து சரிபார்க்கக்கூடிய பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள் என்பதே அதன் அடிப்படை. அந்த அடிப்படையை விட்டுவிட்டு, அதில் இருந்த பெயர்களை மட்டும் உலகம் மனப்பாடம் செய்துகொண்டது.

இத்தனைக்கும் இலங்கைச் சமையலறைக்கு இந்த விஷயத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஷிராஸ் வைனில் வரும் மிளகு வாசனைக்குக் காரணம் ரொட்டண்டோன் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். கறிக்கு இடிக்கும் மிளகின் மணத்துக்குக் காரணமும் அதே சேர்மம்தான். ஓக் பீப்பாயிலிருந்து வைனுக்குள் இறங்கும் லக்டோன்களில் தேங்காய் மணம் வரும். அதே ஓக்கிலிருந்து யூஜினோலும் வரும். கராம்பைக் கராம்பாக மணக்கவைப்பது யூஜினோல். மிளகும் தேங்காயும் கராம்பும் எந்தப் பாரிஸ் மூக்குக்கும் ஓர்ஸ் ஹில் மூக்கைவிட நெருக்கமானவை அல்ல.

யாழ்ப்பாணத்து வைனை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. தோமஸ் அடிகளார் 1928இல் தோலகட்டியில் தொடங்கிய ரோசேரியன் துறவற சபையின் வழிவந்த கன்னியர் மடம் அச்சுவேலிப் பக்கம் இருக்கிறது. அங்கே வாங்கக் கிடைக்கும் நெல்லி கிரஷ்ஷும் முந்திரிகைச் சாறும் வடக்கு கிழக்கெங்கும் பெயர் பெற்றவை. கூடவே ரொசெட்டோ என்ற வைனும் உண்டு. இனிப்பு, கறுவா, கராம்பு எல்லாம் தூக்கலாக இருக்கும். வைன் தெரிந்தவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர் இதற்கு ஒரு புன்னகைதான் தருவார். அந்தப் புன்னகையில் பாதி நியாயம்: இனிப்பு திராட்சையை மூடிவிடுகிறது, மசாலை மிச்சத்தை மூடிவிடுகிறது, எந்தத் திராட்சை, எந்த மண் என்று அதில் தேடிப் பயனில்லை. மறுபாதி நியாயமற்றது. கன்னியர் கராம்பைப் போட்டால் கலப்பு. பிரான்சின் பொர்தோப் பகுதியின் புது ஓக் பீப்பாய் அதே யூஜினோலை இறக்கினால் அது 'சிக்கலான நறுமணம்', விலையும் பலமடங்கு. பீப்பாய் மணத்தைத் தாராளமாகப் பாராட்டும் நாக்கு, மடத்து மணத்தை மட்டும் கொச்சை என்று தள்ளுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி வழக்கின் மறுபக்கம். 2001இல் பொர்தோவில் ஜில் மோரோ, ஃபிரெடெரிக் பிரோஷே, தெனி துபூர்தியூ மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வைன் படிக்கும் 54 மாணவர்களுக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை வைனைக் கொடுத்தபோது, அவர்கள் அதைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். 'நிபுணர்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் தெரியாது' என்று இதை இன்றுவரை கேலியாகச் சொல்லித் திரிகிறார்கள். அது மிகை. கண் முதலில் முடிவெடுத்துவிட்டால் மூக்கு அதற்குச் சாட்சி தேடிக் கொடுக்கும் என்பதுதான் ஆய்வு காட்டியது. அதுவே போதுமான எச்சரிக்கை.

இதைவிடக் கடுமையான அடி கலிபோர்னியாவில் விழுந்தது. வைன் தயாரிப்பாளரும் ஓய்வுபெற்ற பேராசிரியருமான ரொபர்ட் ஹொட்ஜ்சன், மாநிலக் கண்காட்சிப் போட்டியின் நடுவர்களுக்கு ஒரே போத்தலின் வைனை மூன்று கிளாஸ்களில், மற்ற வைன்களுக்கு இடையே, சொல்லாமல் வைத்தார். 2008இல் வெளியான முடிவின்படி, மூன்றுக்கும் ஒரே பதக்கத் தரத்துக்குள் புள்ளி கொடுத்தவர்கள் நடுவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினரே. அதே ஆண்டு வெளியான மூளைப்பட ஆய்வொன்றில், ஒரே வைனை 10 டொலர் என்று சொல்லிக் கொடுத்தபோதைவிட 90 டொலர் என்று சொல்லிக் கொடுத்தபோது, இன்பத்தை உணரும் மூளைப்பகுதி கூடுதலாக இயங்கியது. குடித்தவர்கள் நடிக்கவில்லை. விலை அவர்களுக்கு உண்மையாகவே இனித்திருக்கிறது.

விலை இனித்தால் மோசடிக்குக் கதவு திறந்துவிடும். அமெரிக்காவில் ரூடி குர்னியவான், பழைய புர்கண்டி, பொர்தோ வைன்கள் என்று தன் வீட்டில் கலந்து நிரப்பிய போத்தல்களைக் கோடீஸ்வரச் சேகரிப்பாளர்களுக்கு விற்றார். 2012இல் கைதாகி, 2014இல் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அந்தப் போத்தல்களைத் திறந்து குடித்துப் புகழ்ந்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. உலகின் விலையுயர்ந்த வைன்களை நாளாந்தம் தொட்டவர்கள். 2008இல் நியூயோர்க் ஏலமொன்றில் அவருடைய போத்தல்களைத் தடுத்து நிறுத்தியது எவருடைய நாக்கும் அல்ல. தன் பண்ணை 1980களுக்கு முன் போத்தலில் அடைக்கவே அடைக்காத ஒரு வைன் 1945 முதலான ஆண்டுகளின் லேபிளோடு ஏலப்பட்டியலில் இருப்பதை, அந்தப் பண்ணையின் லோரான் போன்சோ பார்த்துவிட்டார்.

அப்படியென்றால் சுவைத்தலே பொய்யா? 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வணிகர் நடத்திய சோதனை இதற்கு எதிர்ச்சாட்சி. லேபிள் தெரியாமல் சுவைத்த பிரெஞ்சு நடுவர்கள், பொர்தோவின் 1970ஆம் ஆண்டு முத்தோன் ரோத்ஷில்டைத் தாண்டி, கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 வைனுக்குச் சிவப்பில் முதலிடம் கொடுத்தார்கள். லேபிளைக் கண்டிருந்தால் இது நடந்திருக்காது. பொர்தோவின் 1855ஆம் ஆண்டுத் தரப்பட்டியலில் முத்தோனை முதல் தரத்துக்கு உயர்த்தவே 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரிஸ் மேசைக்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. அன்றைய வரிசை எண்கள் இன்னொரு நாள் மாறியிருக்கலாம், அது வேறு கதை. ஆனால் பெயர் மறைந்ததும் மூக்குக்குத் துணிவு வந்தது.

கொழும்பில் 1883இல் தொடங்கிய தேயிலை ஏலத்தின் பின்னால் இருக்கும் சுவைஞர்கள் இந்த இடத்தில் வைன்காரர்களுக்கு ஒரு வழி காட்டக்கூடியவர்கள். வரிசையாகக் கோப்பைகள், 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்ற சர்வதேச அளவு, ஓர் உறிஞ்சல், ஒரு துப்பல், அடுத்த கோப்பை. பெயர்போன தோட்டங்களுக்கு அங்கேயும் சலுகை உண்டு, மறுக்க முடியாது. இருந்தாலும் அவர்கள் முதலில் தேடுவது குறையை: கருகியதா, தட்டையா, ஈரம் ஏறியதா. சொன்னது சரியா என்பதை ஏலத்து விலை நாளடைவில் சொல்லிவிடும். வைன் எழுத்தாளர் பாராட்டோடு தொடங்கி 100 புள்ளியை நோக்கி ஏறிப்போகிறார். அவர் சொன்னது தவறென்றால் நட்டப்படுவது வாங்கியவர் மட்டுமே. அந்தப் புள்ளிகளுக்காக வைனே வளைந்துவிடுவது இன்னும் மோசம். அமெரிக்க விமர்சகர் ரொபர்ட் பார்க்கருக்குப் பிடித்த, கனிந்து தடித்த, பீப்பாய் மணக்கும் வகையை நோக்கிப் பல நாட்டுச் சிவப்பு வைன்கள் ஒரே திசையில் நகர்ந்தன. பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத்தில் வைன் செய்யும் குரோவர் குடும்பம் ஆலோசனைக்கு அழைத்ததும் அந்த வகைக்குப் பெயர்போன பொர்தோவின் மிஷெல் ரோலானைத்தான்.

இலங்கையில் இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. பிரித்தானியக் கடற்படை 1957இல் திருகோணமலைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனாலும், வைன் பெரிய ஆட்களின் குடி என்ற எண்ணம் கப்பலேறவில்லை. தவறணையில் சாராயம் குடிப்பவர் குடிகாரர், ஹோட்டலில் கிளாஸைச் சுழற்றுபவர் ரசிகர். ஈரல் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. மதுசாரத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்தது. சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது என்று விருந்துகளில் இன்னும் சொல்லப்படும் வாக்கியத்தை இனியாவது ஓய்வெடுக்க விடலாம். பெண்கள் மது வாங்குவதற்கு இருந்த தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை மீளப்பெறச் செய்தார். வைன் விற்பது கன்னியர் மடமாக இருக்கும் ஒரு மண்ணில் இந்த வாதம் நடந்தது.

பயிற்சியில் வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்றே: பெயரை மறைப்பது, குறையைத் தேடுவது, துப்புவது. புள்ளி முறையையும் இரவல் சொற்களையும் தயங்காமல் கழிக்கலாம். ஓர்ஸ் ஹில்லில் நான்கு பேர் கூடி முயல விரும்பினால், போத்தல்களை அரைமணி நேரம் குளிரவைத்து, கடதாசியால் சுற்றி, இலக்கமிட்டு ஊற்றுங்கள். ஒரே வைனை இரண்டு இலக்கங்களில் வையுங்கள். எவை என்பது ஊற்றுபவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். பக்கத்தில் ஒரு தட்டில் மிளகும் கராம்பும் கறுவாவும் தேங்காய்த் துண்டும் இருக்கட்டும். கடதாசியைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தான் மணந்ததை எழுதிவைத்துவிடுங்கள், விலையை எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கேளுங்கள்.