தோற்றால் வீட்டுக்கு

குமரி மாவட்டத்துக் குழித்துறைப் பாலத்தடியில் ஓடும் தாமிரபரணி தேங்காப்பட்டணத்தை ஒட்டிக் கடலில் சேர்கிறது. அந்தப் பொழிமுகத்துக்கு மேற்கே, இரையுமன்துறை முதல் நீரோடி வரை எட்டு மீனவ ஊர்கள். பந்துகளிக்குப் பேர்போனவை. இரவிபுத்தன்துறைக்காரர் மைக்கேல் சூசைராஜ் 2019இல் இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடினார்; மறு ஆண்டு ஐஎஸ்எல் கோப்பை வென்ற ஏடிகே அணியிலும் இருந்தார். நீரோடியைத் தாண்டினால் கேரளத்துப் பொழியூர். மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் டிராபிக்கு ஆள் அனுப்பி அனுப்பியே பெயர் வாங்கிய ஊர் அது.

இந்த வளத்துக்கு ஊர்ப்பற்றுதான் காரணம். பையன் முதலில் தன் தேவாலயப் பங்குக்காக ஆடுகிறான். கைக்காசு கிடைக்கிறதா என்பது அப்புறம். ஏறக்குறைய இதே அடிப்படையில் ஒரு நாடே ஆடுவது அயர்லாந்தில். அங்கே கேலிக் கால்பந்தை நடத்தும் சங்கம் 1884இல் தொடங்கியது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது, பிறந்து வளர்ந்த பங்கின் கிளப்புக்கே ஆடுவார். ஆனால் ஊர்ப்பற்றை அவர்கள் ஓர் ஏணியில் ஏற்றிவைத்தார்கள். கிளப்புகள் சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர் என்று தரம் பிரிந்தவை. ஜூனியர் என்பது வயதுக் கணக்கல்ல, நாற்பதை எட்டியவரும் அதில் ஆடலாம். மாவட்ட ஜூனியர் கோப்பையை வெல்லும் சின்னஞ்சிறு கிளப் மேல்தட்டுக்கு ஏறுகிறது. 2001-02 பருவத்திலிருந்து மாகாணம் கடந்து அகில அயர்லாந்துப் போட்டிவரை போகவும் வழியுண்டு. கெர்ரி மாவட்டத்துக் கிளப்புகளே அதிகம் வென்றிருக்கின்றன என்பது அந்த ஏற்பாட்டின் குறை. பெரியவர்கள் அங்கும் பெரியவர்களே.

நம் கடற்கரையில் ஏணி இல்லை, நாக்-அவுட் உண்டு. திருநாளையோ கிறிஸ்துமஸையோ ஒட்டி ஒரு செவன்ஸ் போட்டி, சுழற்கோப்பை, ஒலிபெருக்கி. ஒரு சாயங்காலம் தோற்ற அணிக்கு அந்தப் போட்டி முடிந்தது. அந்தப் பயத்தில்தான் வெளியூர் கெஸ்ட் ஆட்டக்காரர்கள் இறங்குகிறார்கள். கோப்பை ஊருக்கு வரும். ஊர்ப்பையன் வரப்போரம் உட்கார்ந்திருப்பான். எழுவர் ஆட்டத்திலும் ஒரு சிக்கல். பெரும்பாலும் ஆஃப்சைடு பார்ப்பதில்லை, இடமும் சிறிது. காலில் பந்து ஒட்டும் நேர்த்தி வரும், பதினொருவர் ஆட்டத்தில் எங்கே நிற்பது என்ற அறிவு வராது. சூசைராஜ் போன்றவர்கள் அதைப் பின்னால் வேறிடத்தில்தான் கற்க வேண்டியிருக்கிறது.

நாக்-அவுட்டுக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இந்த எட்டு ஊர்களும் அடங்கிய தூத்தூர்ப் பகுதியின் ஆழ்கடல் படகுகள் கிளம்பினால் வாரக்கணக்கில் திரும்பா. ஆட்கள் சேர்ந்திருக்கும் நாட்களே கொஞ்சம். அவற்றில் மாதக்கணக்கான லீக்கை அடைக்க முடியாது. மேற்குக் கடலின் மீன்பிடித் தடைக்காலமான ஜூன், ஜூலையில் நடத்தலாமே என்றால், இடவப்பாதி மழையில் மைதானம் குளமாகும். கடலரிப்பு வேறு கரையைத் தின்றுகொண்டிருக்கிறது.

ஆனால் முதல் சுற்றில் தோற்றவர்களுக்குள் இன்னொரு கோப்பை வைக்க மாதங்கள் வேண்டாம், கூடுதலாக இரண்டு சாயங்காலம் போதும். வெளியாள் ஒருவருக்குமேல் கூடாது என்ற விதிக்கு ஒரு பைசா செலவில்லை. அதை எட்டு ஊருக்கும் சேர்த்து யார் சொல்வது என்பதுதான் தகராறு. 2014இல் குழித்துறை மறைமாவட்டம் வந்த பிறகும் தூத்தூர் மறைவட்டம் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தோடுதான் இருக்கிறது. அரசுக்கணக்கில் குமரி மாவட்டம். கோப்பைக்கமிட்டிகளோ ஊருக்கு ஊர் தனித்தனி. அவை ஒரே மேசையில் உட்கார்ந்து விதி எழுதாதவரை, கெஸ்ட் வாங்கப் பணமுள்ள ஊரே ஜெயிக்கும்.