ஒலியிதழாக உருப்பெற்ற வலையொலி: ‘எஸ்கேப் பாட்’ – வரலாறும் மதிப்பீடும்

ஆய்வுச் சுருக்கம்

‘எஸ்கேப் பாட்’ 2005இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அறிவியல் புனைகதைகளை முழுமையாகப் படித்து வழங்கும் வார வலையொலி இது. இதனை வானொலி நாடகத்தின் தொடர்ச்சியாகக் கருதுவது பொருந்தாது. படைப்பூதியம், மாற்றத்திற்கு இடந்தராத பகிர்வுரிமம், ஒற்றைக்குரல் வாசிப்பு ஆகிய மூன்றுமே இதனை இதழாக நிலைநிறுத்தின என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அச்சுப் பனுவலை மட்டும் கொண்டு இத்தகைய படைப்புகளை மதிப்பிடுவதன் போதாமையும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வலையொலி, அறிவியல் புனைகதை, ஒலியிதழ், வாசிப்பு, ஹியூகோ விருது.

முன்னுரை

வலையொலியைக் குறிக்கும் பாட்காஸ்ட் என்னும் சொல்லைப் பென் ஹாமர்ஸ்லி 2004 பிப்ரவரியில் ‘தி கார்டியன்’ நாளிதழில் எழுதிய கட்டுரையில் பயன்படுத்தினார். ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் வலையொலிகளுக்கு இடமளித்தது 2005 ஜூன் இறுதியில்தான். அதற்கு முந்தைய மாதமே செரா ஈலி ‘எஸ்கேப் பாட்’ வலையொலியைத் தொடங்கிவிட்டார். விண்கலம் சேதமுறும்போது பயணியர் தப்பிச்செல்லும் சிறுகலத்தின் பெயர் அது. பாட்காஸ்ட் என்பதன் முதற்பகுதியும் அதற்குள் ஒலிக்கிறது. இம்முயற்சியிலிருந்தே திகில் கதைகளுக்கான ‘சூடோபாட்’ 2006இலும், மிகுபுனைவுக்கான ‘பாட்கேஸில்’ 2008இலும் கிளைத்தன.

வானொலி நாடகமும் ஒலியிதழும்

ஒலிவழி அறிவியல் புனைவுக்கு அமெரிக்காவில் நீண்ட முன்வரலாறு உண்டு. 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் வழங்கிய ‘உலகங்களின் போர்’ அதில் புகழ்பெற்றது. என்.பி.சி. நிறுவனத்தின் ‘எக்ஸ் மைனஸ் ஒன்’ 1955 முதல் 1958 வரை, இதழ்களில் வெளிவந்த கதைகளை நாடகமாக்கி ஒலிபரப்பியது. அங்கே கதை மூலப்பொருள் மட்டுமே. விவரணை உரையாடலாயிற்று, சூழல் ஒலிக்குறிப்பாயிற்று, பாத்திரங்களை நடிகர்கள் ஏற்றனர்.

‘எஸ்கேப் பாட்’ இவ்வழியை மேற்கொள்ளவில்லை. பெரும்பாலும் ஒருவரே கதையைத் தொடக்கம் முதல் இறுதி வரை எழுதியவாறே படிக்கிறார். ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் பாரதம் படித்தல் மரபை அறிந்த தமிழ் ஆய்வாளருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். பாரதம் படித்தலும் கூத்தும் ஒரே கதையைக் கூறலாம்; ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

ஊதியமும் உரிமமும்

தொடக்கக்கால வலையொலிகளுள் பல ஆர்வலர் முயற்சிகள். ஈலி கதைகளுக்கு ஊதியம் வழங்கினார். செலவைக் கேட்போரின் நன்கொடையால் ஈடுசெய்ய முயன்றார். ஊதியம் என்றவுடன் தேர்வு வருகிறது. தேர்வு என்றவுடன் பதிப்பாசிரியர் என்னும் பொறுப்பு வருகிறது. 2010இல் ஈலி விலகியபின் மர் லாஃபர்ட்டியும் பின்னர் நார்ம் ஷெர்மனும் அப்பொறுப்பை ஏற்றனர். 2017 முதல் லாஃபர்ட்டியும் எஸ். பி. திவ்யாவும் இணைந்து செயற்பட்டனர். தொடங்கியவரின் குரலோடு முடிந்துவிடாமல் கைமாறி நீடித்தமையே இது தனிமனித நிகழ்ச்சியன்று, இதழ் என்பதற்கு முதற்சான்று.

ஒலிக்கோப்புகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டன. படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம், விற்கலாகாது, மாற்றலாகாது. பரவலை அனுமதித்துத் திரிபைத் தடுக்கும் இவ்வுரிமம், மூலத்தை மாற்றாமல் படிக்கும் கலைக்கொள்கையோடு இயைந்து நிற்பது கருதத்தக்கது.

விருதுகள் காட்டும் வகைமைச் சிக்கல்

2010இல் பிரித்தானியாவின் ‘ஸ்டார்ஷிப்சோஃபா’ ஹியூகோ விருது பெற்ற முதல் வலையொலியாயிற்று. அவ்விருது சிறந்த ஆர்வலர் இதழுக்குரியது. அச்சிதழ்களோடு ஒலிவடிவம் போட்டியிடலாமா என்னும் விவாதம் தொடர்ந்தது. 2012இல் ஆர்வலர் வலையொலிகளுக்கெனத் தனிப்பிரிவு ஏற்பட்டது. எனினும், 2018 முதல் ‘எஸ்கேப் பாட்’ பலமுறை இறுதிப்பட்டியலில் இடம்பெற்றது அப்பிரிவில் அன்று. ஓரளவு தொழில்முறை சார்ந்த இதழ்களுக்கான பிரிவிலேயே ஆகும். ஆக, இங்கு வகைமையைத் தீர்மானித்தது ஊடகம் அன்று. படைப்பாளிக்கும் பதிப்புக்கும் இடையிலான பொருளியல் உறவே.

குரலின் நிறைகுறைகள்

இதழ் என்னும் தகுதியை ஏற்றால், அதன் பனுவல் எது என்னும் வினா எழுகிறது. எழுதப்பட்ட கதையா, படிக்கப்பட்ட கதையா? அறிவியல் புனைகதையில் இவ்வினா கூர்மை பெறுகிறது. கதைசொல்லி இயந்திரமாகவோ வேற்றுலக உயிராகவோ இருக்கலாம். அதன் பால் குறிக்கப்படாமலேயே இருக்கலாம். அச்சு அத்திறப்பைக் காக்கிறது. குரல் முதல் தொடரிலேயே பாலையும் அகவையையும் வட்டார வழக்கையும் சேர்த்துவிடுகிறது. புதிதாகப் புனைந்த சொற்களை அச்சு வாசகர் கண்ணால் கடந்து செல்லலாம். படிப்பவரோ அவற்றிற்கு ஓர் ஒலிப்பை முடிவு செய்தே ஆகவேண்டும். புரியாத இடத்தில் முன்பக்கம் திருப்பும் வசதியும் கேட்போருக்கு எளிதன்று. ஆதலால் அடிக்குறிப்பு, அட்டவணை, சிதறிய காலவரிசை ஆகியவற்றைச் சார்ந்த கதைகள் இவ்வடிவில் நலிவுறுகின்றன; தன்மைக்கூற்றில் நேராகச் செல்லும் கதைகள் பொலிவுறுகின்றன.

மறுபுறம், எள்ளலின் அளவு, தயக்கம், துயரின் அடக்கம் போன்றவற்றை நல்ல வாசிப்பு நுண்மையாகப் புலப்படுத்துகிறது. இவை அலங்காரம் அல்ல, பொருள்கோள். உரையாசிரியர் எழுத்தால் செய்வதைப் படிப்பவர் தொனியால் செய்கிறார். தொகுப்பாளரின் முன்னுரையும் பின்னுரையும் இப்பொருள்கோளில் பங்கேற்கின்றன. கூத்தில் கட்டியங்காரன் போல அவர் அவைக்கும் கதைக்கும் இடையே நிற்கிறார். அதனால் தனித்துக் கேட்பவரும் ஓர் அவையின் உறுப்பினராகிறார். ஆனால் கதை முடிந்தவுடன் அதன் பொருளை எடுத்துரைக்கும்போது, கேட்போர் தாமே எண்ணிப் பார்ப்பதற்கான மௌனம் பறிபோகிறது. இவ்வடிவத்தின் தீராத குறை இது.

முடிவுரை

பதினைந்தாண்டு நிறைவையொட்டி 2020இல் லாஃபர்ட்டியும் திவ்யாவும் தொகுத்த அச்சு நூலை டைட்டன் புக்ஸ் வெளியிட்டது. கதைகள் நூலேறின, அவற்றைப் படித்த குரல்கள் ஏறவில்லை. நூலை மட்டும் கொண்டு எழுதப்படும் இலக்கிய வரலாறு ஒலியிதழின் பாதியையே காணும். எனவே எழுத்தாளர், பதிப்பாசிரியர் ஆகியோரோடு படிப்பவரையும் படைப்பில் பங்குடையவராக ஏற்று, வாசிப்பையே திறனாய்வுக்குரிய பனுவலாகக் கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு கொள்ளும்போதே ‘எஸ்கேப் பாட்’ நிகழ்த்திய மாற்றத்தின் முழு அளவு புலப்படும்.